கே-1 (அமெரிக்கக் குடிமகனுக்கு நிச்சயமானவருக்கான விசா) விண்ணப்பம் நடப்பில் இருக்கும்போது கோயிலில் தாலி கட்டலாமா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். எனக்கு நிச்சயமானவர் அமெரிக்கக் குடிமகன். மாசியில் கே-1 விசாவுக்கான ஐ-129எஃப் விண்ணப்பம் போட்டார், இன்னும் முடிவு வரவில்லை. ஆவணியில் மூன்று கிழமை லீவில் வருகிறார். அப்போதே பத்திரகாளி அம்மன் கோயிலில் தாலி கட்டியாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். எழுத்தை (கலியாணப் பதிவை) பிறகு வைக்கலாமாம்.

ஆனால் கே-1 கலியாணமாகாதவர்களுக்கு. அங்கே போய் 90 நாட்களுக்குள் மணம் முடிக்க வேண்டும். முன்னமே முடித்தால் அந்த விண்ணப்பம் செல்லாது. மனைவிக்கான ஐ-130 விண்ணப்பம் புதிதாகப் போட்டு, சிஆர்-1 என்ற மனைவி விசா வழியாகத்தான் போகலாம். சிஆர்-1 என்றால் போய் இறங்கியதுமே வேலை செய்யலாம், அது ஒரு ஆறுதல். ஆனால் திரும்பவும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

டவுனில் இரண்டு முகவர்களைக் கேட்டேன். ஒருவர், எழுத்து இல்லாவிட்டால் கலியாணமே இல்லை என்றார். மற்றவர், "தாலி கட்டுங்கோ, படத்தை மட்டும் காட்டாதீங்கோ" என்றார். பொய் சொல்லிப் போக எனக்கு விருப்பமில்லை. எனக்கு நிச்சயமானவர் பக்கத்து வழக்கறிஞருக்கோ நம் சடங்குகள் தெரியாது. இலங்கையில் எழுத்து இல்லாத சடங்குக் கலியாணமும் செல்லக்கூடும் என்பதுதான் என் பயம்.

கொழும்பில் கே-1 நேர்முகம் முடித்தவர்கள் யாராவது, எழுத்து வைக்காமல் தாலி மட்டும் கட்டியிருந்ததை அதிகாரி கலியாணமாக எடுத்தாரா என்று சொல்வீர்களா?