புரட்டாசியில் மாமா ஸ்பெயின் போகிறாரா

குழு: பெரிய வீடு

செந்தில்: கதிர், டிக்கெட் இன்று ராத்திரிக்குள் போட்டாக வேண்டும். விலை ஏறிக்கொண்டே போகிறது. தேதி சொல்லு

செந்தில்: சைக்கிளை இங்கிருந்தே கட்டிக்கொண்டு வரவா, அங்கே வாடகைக்குக் கிடைக்குமா

கவிதா: எதற்கு டிக்கெட்?

நவீன்: அப்பா, இது குடும்பக் குழு

கவிதா: யோசிக்கிறேன் என்றுதானே என்னிடம் சொன்னீங்க

செந்தில்: யோசித்துவிட்டேன்

தனம்: எங்கே போகிறான் இவன்?

சரஸ்வதி: கதிர் கூட ஸ்பெயினில் சைக்கிள் ஓட்டப் போகிறானாம் அக்கா. காட்டுக்குள்ளே. ரோடு கூட இல்லையாம், மண் பாதையாம்

ரங்கசாமி: இந்த வயதில்

கதிர்: மாமா, செப்டம்பர் கடைசி வாரம் வாங்க. அதற்கு முன்னால் வெயில் மண்டையைப் பிளக்கும், நவம்பர் ஆனால் குளிர் தாங்காது, அந்தப் பக்கம் கலமோச்சா என்று ஒரு ஊரில் 1963 டிசம்பரில் மைனஸ் 30 டிகிரி வரை போயிருக்கிறது. வலென்சியாவிலிருந்து நேராகத் தெருவெல் போய்விடலாம், அங்கிருந்துதான் மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். மொன்தாஞாஸ் வசியாஸ் என்று ஒரு பாதை, தெருவெலில் தொடங்கித் தெருவெலிலேயே முடிகிற வளையம், 700 கிலோமீட்டரை ஒட்டி வரும். நமக்கு முழுதும் வேண்டாம், மேற்குப் பாதி போதும். முதலில் அல்பர்ராசின், சிவப்புப் பாறையும் பைன் மரமுமாக இருக்கும், அந்தப் பாறைகளில் ஆதி மனிதர்கள் வரைந்த மாடுகள்கூட இருக்கின்றன. அப்புறம் ஃபிரியாஸ், அதைத் தாண்டினால் தாஹோ ஆறு பிறக்கிற இடம். போர்ச்சுகல் வரைக்கும் ஓடுகிற ஆறு அங்கே நம் தோட்டத்து வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். பிறகு குவென்கா மலைக்குள் இறங்கி, குவேர்வோ ஊற்றைப் பார்த்துவிட்டு, அல்தோ தாஹோ பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை, கீழே ஆறு பச்சையாகப் போகும்

தனம்: சாப்பாடு?

பிரியா: கதிர் கட்டுரை எழுதியாச்சு

செந்தில்: டயர் 32 மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன். போதுமா

கதிர்: போதாது மாமா. 45க்குக் கீழே இறங்காதீங்க, 2.1 அங்குலம் என்றால் இன்னும் நல்லது. சுண்ணாம்புக்கல் உடைந்து உடைந்து கூராக நிற்கும், இறக்கத்தில் பக்கவாட்டில் கிழித்துவிடும். டியூப்லெஸ்தான் சரி, ஓட்டையைத் தானே அடைக்கிற சீலண்ட் திரவத்தை உள்ளே ஊற்றி, பெரிய ஓட்டைக்குச் செருக பிளக் நாலைந்து கையில் வைத்துக்கொள்ளலாம். பின் கியரைப் பிடித்திருக்கிற கியர் ஹேங்கர் ஒன்று கூடுதலாக எடுத்து வாங்க, உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துகிறது அங்கே கிராமத்தில் கிடைக்காது

நவீன்: இறக்கம் என்றால் அப்பாவுக்கு வால்பாறை ஞாபகம் வரும்

சரஸ்வதி: தோள்பட்டை எலும்பு

நவீன்: ஒன்பதாவது வளைவு

செந்தில்: அது மழை பெய்த ரோடு

ரங்கசாமி: என் கல்யாணத்துக்கு வந்த சைக்கிள் எங்கே என்று முதலில் சொல்லட்டும். அப்புறம் ஸ்பெயின் போகட்டும்

தனம்: இன்னுமா அது

ரங்கசாமி: [வீடியோ] ஸ்பெயின் நாடே பற்றி எரிகிறது. எல்லாரும் பார்க்கவும்

கவிதா: ஐயோ

கதிர்: பெரியப்பா, அது 2025 ஆகஸ்டில் எடுத்தது. கலிசியா, லெயோன் பக்கம், வடமேற்கு மூலை. நாம் போகிற இடம் கிழக்கே. ஆனால் நீங்கள் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. இதே அல்தோ தாஹோ பக்கம் 2005 ஜூலையில் யாரோ கறி சுட மூட்டிய நெருப்பு பரவி, அணைக்கப் போன 11 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் காட்டுத்தீக்கெல்லாம் போக ராணுவத்திலேயே தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். அதனால் காட்டுக்குள் அடுப்பு, தீப்பெட்டி எதுவும் கிடையாது. ரசம் வைக்கலாம் என்று மாமா சொன்னதை இப்போதே மறந்துவிடட்டும்

கவிதா: வெள்ளம் வந்ததும் உங்கள் ஊர்தானே. நீ வாட்டர் டேங்க் மேலே உட்கார்ந்திருந்தாயே

சரஸ்வதி: மொட்டை மாடி கவிதா. அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை

கதிர்: 2024 அக்டோபர் 29, வலென்சியா வெள்ளம். ஆமாம் அத்தை, இந்தப் பக்கம் அந்த மாதிரி மழை இலையுதிர் காலத்தில்தான் வரும். அன்றைக்கு ஆள்களைக் கொண்டுபோனதில் பெரும்பங்கு ஆறு கூட இல்லை, வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஓடை. மலையில் எங்கேயோ கொட்டும், இங்கே ஒரு துளி இருக்காது, திடீரென்று தண்ணீர் வந்து நிற்கும். ஆகவே காய்ந்த ஓடையில் கூடாரம் போட மாட்டோம், எச்சரிக்கை வந்தால் ஊரிலேயே தங்கிவிடுவோம். மழை பெய்தால் எப்படியும் ஓட்ட முடியாது, அந்தக் களிமண் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்

கவிதா: இதைத்தான் ஆசையாகப் பார்க்கப் போகிறீர்களா

செந்தில்: 🙏

பிரியா: அம்மிச்சி குரல் செய்தி அனுப்பச் சொல்கிறார், அனுப்பத் தெரியவில்லை. அந்தக் காட்டில் யானை இருக்கா என்று கேட்கிறார்

கதிர்: இல்லை என்று சொல்லு. அந்தப் பக்கம் கரடியும் கிடையாது. மான் இருக்கிறது, பெரிய கொம்பு மான், செப்டம்பர் கடைசியில் ராத்திரி முழுக்கக் கத்தும். முதல் தடவை கேட்டபோது யாரோ மாட்டை அடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். பகலில் பள்ளத்தாக்குக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடிக்கும்

கவிதா: எதற்கு வட்டமடிக்கிறது

நவீன்: அப்பாவுக்காக

செந்தில்: டேய்

கதிர்: அப்புறம் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும், சனி ஞாயிறில். பாதை முனையில் பலகை வைத்திருப்பார்கள். பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது மாமா, நீங்கள் "ஐந்து நிமிஷம்தானே" என்பீர்கள்

தனம்: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. இவன் சனிக்கிழமை மட்டுமா விடுவான், மாதம் முழுக்க முட்டைகூடத் தொட மாட்டான்

கதிர்: அதுதான் சிக்கல் பெரியம்மா. தெருவெல் என்றாலே பன்றித் தொடைதான், கடைக்குக் கடை கூரையில் தொங்கும். பருப்புக் குழம்பு கேட்டால் அதற்குள்ளும் ஒரு துண்டு கிடக்கும், அவர்கள் கணக்கில் அது கறியில் சேர்த்தியே இல்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பழம், வாதுமை. இதுதான். சின்ன ஊர்களில் கடையே இருக்காது, ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும், வீட்டுக்கு வீடு பாட்டிமார்கள் பையோடு வந்து நிற்பார்கள், நாமும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தெருவெல் மாகாணம் முழுக்கச் சேர்த்தாலும் ஒன்றரை லட்சம் பேர் இல்லை பெரியம்மா, பொள்ளாச்சியும் உடுமலையும் சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும்

ரங்கசாமி: ஏன் அவ்வளவு குறைவு. பூமி சரியில்லையா

கதிர்: மேடான பூமி, குளிர், வேலை இல்லை. 1950க்கு அப்புறம் எல்லாரும் வலென்சியா, பார்சலோனா என்று போய்விட்டார்கள். சுண்ணாம்புப் பாறை வேறு, பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். மேலே சமவெளியில் மணிக்கணக்காக ஓட்டினாலும் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, அதே தண்ணீர் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வந்து கொட்டிக்கொண்டிருக்கும். குவென்கா பக்கம் பூமி உள்வாங்கிப் பெரிய பெரிய குழிகள் இருக்கின்றன, எட்டிப் பார்த்தால் குழிக்கு அடியில் பைன் மரங்கள் நிற்கும். ஊர் நடுவே எப்போதும் ஒரு குழாய் இருக்கும், அங்கே நிரப்பிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும், ஆளுக்கு மூன்று லிட்டராவது

ரங்கசாமி: நம் மேற்குத் தோட்டத்துக் கிணறு மாதிரி

செந்தில்: அந்தத் தோட்டப் பேச்சு இப்போது வேண்டாம் மாமா

ரங்கசாமி: நான் கிணற்றைத்தான் சொன்னேன்

கவிதா: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நெய் கட்டித் தருகிறேன்

கதிர்: நெய் வேண்டாம் அத்தை. வெளிநாட்டிலிருந்து பாலில் செய்தது, கறியில் செய்தது எதையும் உள்ளே விட மாட்டார்கள், விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். பொடி பரவாயில்லை

பிரியா: எல்லாரும் ஒரு நிமிஷம். நிச்சயம் எப்போது?

தனம்: ஐப்பசியில்தான். புரட்டாசியில் யாராவது செய்வார்களா

பிரியா: அப்படியென்றால் மாமா புரட்டாசியிலேயே போய்விட்டு வந்துவிடட்டும். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டேன்

செந்தில்: என் தங்கம்

கதிர்: பிரியா, தெருவெலில் உனக்கு ஒரு கதை இருக்கிறது. தியேகோ, இசபெல் என்று இரண்டு பேர். பையன் வீட்டில் பணமில்லை, பெண்ணின் அப்பா ஐந்து வருடம் தவணை கொடுத்தார், சம்பாதித்து வா என்று. அவன் சம்பாதித்துக்கொண்டுதான் வந்தான், ஆனால் தவணை முடிந்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரே ஒரு முத்தம் கேட்டான், அவள் மாட்டேன் என்றாள், அங்கேயே செத்து விழுந்தான். மறுநாள் அவன் பிணத்துக்கு முத்தம் கொடுக்கப் போனவள் அவன்மேலேயே விழுந்து இறந்துபோனாள். இரண்டு பேருக்கும் கல்லறை இருக்கிறது, மேலே வெள்ளைக் கல்லில் உருவம் செய்து படுக்க வைத்திருக்கிறார்கள், கைகள் கிட்டே வந்து தொடாமல் நிற்கும்

பிரியா: நல்லவேளை, இங்கே ஒருவருக்கு வீட்டுக் கடன் சீக்கிரம் கிடைத்தது

ரங்கசாமி: நான் சம்பாதித்து வா என்று சொல்லவில்லை. சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டேன். பெண்ணைப் பெற்றவன் கேட்பதுதான்

பிரியா: 👍

சரஸ்வதி: விடு கண்ணு

நவீன்: மச்சான் கதை சொன்ன நேரம் சரியில்லை

தனம்: சமையல்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். 300 இலையா, 400ஆ

செந்தில்: விசா வந்தால்தானே எல்லாம். கதிர், இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு

கதிர்: குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் மாமா. விழுந்தால் ஹெலிகாப்டர் வரவேண்டிய இடம், அதையும் படித்துப் பார்த்து எடுங்க. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். பல இடத்தில் ஃபோன் எடுக்காது, அவசரத்துக்கு 112

கவிதா: ஃபோன் எடுக்காதா

சரஸ்வதி: எவ்வளவு நேரம் எடுக்காது

கதிர்: சில பள்ளத்தாக்கில் அரை நாள். சாயங்காலம் ஊருக்குள் வந்ததும் அனுப்பிவிடுவோம்

கவிதா: அரை நாள்

கதிர்: அத்தை, திரும்பி வரும்போது ஓஹோஸ் நெக்ரோஸ் பாதையில் வருகிறோம். பழைய இரும்புச் சுரங்க ரயில் போன தடம், 1907இல் போட்டது, இப்போது தண்டவாளம் இல்லை, சைக்கிள்தான். ரயில் ஏறிய பாதை என்பதால் செங்குத்தே கிடையாது, சுரங்கப்பாதை, பாலம் எல்லாம் அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் கடல் வரைக்கும் இறக்கம்தான். சின்னக் குழந்தைகள்கூட ஓட்டுகிறார்கள்

கவிதா: அதில் நடக்கலாமா

கதிர்: தாராளமாக

நவீன்: அம்மா????

கவிதா: சும்மா கேட்டேன்

செந்தில்: அப்படியென்றால் ஒரு டிக்கெட்டா, இரண்டா. பன்னிரண்டு மணிக்குள் போடணும்

கவிதா: காலையில் சொல்கிறேன்

செந்தில்: காலையில் விலை ஏறிவிடும் கவிதா

ரங்கசாமி: இரண்டு பேரும் போனால் மாடு யார் பார்ப்பது

நவீன்: எனக்குப் பரீட்சை

தனம்: 300ஆ 400ஆ, யாராவது சொல்லுங்களேன்