கருக்கலைப்புச் சட்டம்: ஜோ பைடனின் நிலைப்பாட்டில் எது மாறியது?

கேள்வி:
2019 ஜூன் மாதம், அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த பைடன், கருக்கலைப்புக்குக் கூட்டரசின் பணம் செல்வதைத் தடுக்கும் ஹைட் திருத்தத்தை இன்னமும் ஆதரிக்கிறார் என்று அவருடைய பிரச்சாரக் குழு உறுதிசெய்தது. மறுநாளே அட்லாண்டாவில் பேசும்போது அவர் அந்த ஆதரவைக் கைவிட்டார். பல பத்தாண்டுகள் பற்றியிருந்த ஒன்றை ஒரே நாளில் விடுவதை மனமாற்றம் என்பதா, தேர்தல் கணக்கு என்பதா? அவருடைய பழைய வாக்குகளை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்த ஒரு நாளை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம், நண்பரே. பைடன் செனட்டராகப் பதவியேற்றது 1973 ஜனவரி 5ஆம் தேதி. கருக்கலைப்பை அந்தரங்க உரிமையின் கீழ் பெண்ணின் அரசியலமைப்பு உரிமையாக உச்ச நீதிமன்றம் ஏற்ற ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது அதே மாதம் 22ஆம் தேதி. அடுத்த ஆண்டே ஒரு பத்திரிகைப் பேட்டியில், அத்தீர்ப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றும், தன் உடலுக்கு என்ன நேரவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை பெண் ஒருவருக்கே உரியது எனத் தாம் கருதவில்லை என்றும் சொன்னார். 1982இல், கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கும், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் தரும் அரசியலமைப்புத் திருத்தத்தைச் செனட்டின் நீதிக்குழுவில் ஆதரித்த அவர், மறு ஆண்டு அதே யோசனையை எதிர்த்து வாக்களித்தார். உண்மையான திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம். 1987இல் நீதிக்குழுவின் தலைவராக, உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க்கைத் தோற்கடிக்க முன்னின்றதும் இதன் தொடர்ச்சியே. அந்தரங்க உரிமைக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்று வாதிட்டவர் போர்க். ஆயினும் 2003இல், கர்ப்பத்தின் பிற்பகுதியில் கையாளப்பட்ட ஒரு குறிப்பிட்ட முறையைத் தடைசெய்த சட்டத்துக்குப் பைடன் ஆதரவாகவே வாக்களித்தார்.

மறுமொழி 2:
மேலே சொன்ன வாக்குகள் சரியானவை. ஆனால் 1983தான் திருப்பம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதற்கு அரசு பணம் தரலாமா என்பது வேறொரு கேள்வி. 1976 முதல் நடப்பில் உள்ள ஹைட் திருத்தம், உயிராபத்து, பாலியல் வன்முறை, தகாத உறவால் உண்டான கர்ப்பம் ஆகியவை தவிர, கூட்டரசின் பணம் கருக்கலைப்புக்குச் செல்வதைத் தடுக்கிறது. கையில் பணமுள்ள பெண்ணை இது தொடுவதே இல்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை நம்பியிருக்கும் ஏழைப் பெண்ணின் மீதுதான் முழுச் சுமையும் விழுகிறது. தாளில் உள்ள உரிமையை அவள் எதைக் கொண்டு பயன்படுத்துவாள்? ஆகவே 2019இல் அவர் எடுத்த முடிவே கனமானது. அதைத் தேர்தல் நெருக்கடி தூண்டியிருக்கலாம்; அதனால் அம்முடிவின் நியாயம் குறைந்துவிடாது.

மறுமொழி 3:
அவருடைய சமயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 துணைத் தலைவர் வேட்பாளர் விவாதத்தில் குடியரசுக் கட்சியின் பால் ரையனும் பைடனும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்களாக எதிரெதிரே அமர்ந்திருந்தனர். கர்ப்பம் தரிக்கும் கணத்திலேயே உயிர் தொடங்குகிறது என்ற திருச்சபையின் போதனையைத் தம் சொந்த வாழ்வில் ஏற்பதாகவும், மற்றவர்கள் மீது அதைத் திணிக்க மறுப்பதாகவும் பைடன் அன்று கூறினார். மனச்சாட்சியைச் சட்டத்திலிருந்து பிரித்து வைக்கும் இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பதவிக்கு வந்தபின் ஹைட் பற்றிய சொல்லைக் காத்தாரா?

மறுமொழி 2:
தம் கையில் இருந்த அளவுக்குக் காத்தார். 2021இல் அவர் முன்வைத்த முதல் வரவுசெலவுத் திட்டத்தில் ஹைட் வாசகம் இடம்பெறவில்லை. காங்கிரஸ்தான் அதை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் தீர்ப்பு ரோ தீர்ப்பை நீக்கியது. அதற்கு முந்தைய மாதமே, கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கும் மசோதாவின் மீது விவாதத்தைத் தொடங்கச் செனட்டில் 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 49தான் கிடைத்திருந்தன.