டிஓ (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் 5 காட்டுகிறது, ஆனால் இறால் மேலே வருகிறது. உப்பு காரணமா?

கேள்வி:
ஆரம்பாக்கம் பக்கம், பழவேற்காடு ஏரியை ஒட்டி இரண்டு குட்டையில் வனாமி இறால் விட்டிருக்கிறேன். வெயிலில் ஏரி வற்றி உப்பு ஏறிவிட்டது, நேற்று உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 38 பிபிடி (ஆயிரத்துக்கு 38 பங்கு). விடியற்காலை நாலரைக்கு டிஓ லிட்டருக்கு 5.0 மில்லிகிராம், ஆனாலும் ஆக்சிஜன் போதாததுபோல் இறால் கரையோரம் மேலே வந்து நிற்கிறது. மீட்டரை வெளிக்காற்றில் 100 சதவீதத்துக்குச் சரிசெய்துவிட்டுத்தான் பார்த்தேன். தடாவில் பண்ணை வைத்திருக்கும் நண்பர், உப்பு கூடினால் தண்ணீரில் காற்று தங்காது, சோடாவில் உப்பு போட்டால் பொங்குகிறதே என்கிறார். அப்படியென்றால் மீட்டர் ஏன் காட்டவில்லை? தூக்கமே இல்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்:
அண்ணே, மீட்டரில் சாலினிட்டி (உப்பு அளவு) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 0 என்று இருந்தால் அதுதான் கோளாறு. மீட்டரின் முனை உணர்வது ஆக்சிஜனின் அழுத்தத்தை மட்டும்தான், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது மீட்டர் கணக்குப் போட்டுச் சொல்வது, அது நல்ல தண்ணீர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கூடுதலாகத்தான் காட்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் காற்றிலிருந்து 7.5 மில்லிகிராம் வரை பிடிக்கும், 35 பிபிடி கடல்நீர் 6.2 தான். உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்வதால் வாயு கரைய இடம் குறைகிறது. ரஷ்ய விஞ்ஞானி செச்செனோவ் 1889-லேயே உப்புக் கரைசல்களில் கார்பன் டை ஆக்சைடை வைத்து இதைக் கணக்காக எழுதிவிட்டார். உங்கள் 5.0 உண்மையில் 4.1 பக்கம் இருக்கும்.

பதில்:
நண்பர் சொன்னது சரி, ஆனால் சோடா உதாரணம் வேண்டாம். அது பொங்குவது பெரும்பாலும் உப்புக்கல்லின் சொரசொரப்பில் குமிழி பிடிப்பதால், சர்க்கரை போட்டாலும் பொங்கும். அப்புறம், முனையை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? இறால் இருப்பது அடியில், மேல்தண்ணீர் அளவை நம்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சாலினிட்டி 0-லேயே இருந்தது. 38 வைத்ததும் மேலே 4.1, அடியில் 3.2. நேற்று ராத்திரித் தீனியைக் குறைத்து, இரண்டு மணிக்குப் போடும் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) பதினொன்றுக்கே ஓடவிட்டேன். இன்று நாலரைக்கு அடியில் 4.3, கரையோரம் ஒரு இறால்கூட இல்லை. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்துக் குட்டைக்காரரின் மீட்டரையும் போய்ப் பார்த்தேன், அதிலும் 0 தான்.