[கலைச்சொல்] சிஜிநாட்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

ம.ச. எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தபின், அதைப் பொருத்திக் கொடுப்பவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்று தயாராகிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேணும். இடிக்கிற சொல் 'கேரியர் கிரேடு நாட்', சுருக்கமாக சிஜிநாட்: இணைய நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டு, போகிற வருகிற தரவில் முகவரியை மாற்றி அனுப்புவது. அது வரும் பத்தி:

"ரவுட்டருக்கு இணையத்தின் பக்கம் உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்புவது) போட்டாலும் சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியாது."

'முகவரி மாற்றம்' என்று எழுதினால், வாடிக்கையாளர் வீடு மாறிவிட்டாரா என்று சரிபார்த்தவர் கேட்கிறார்.

க.ந. எழுதியது:
மாற்றம் வேண்டாம், பெயர்ப்பு. தொல்காப்பிய மரபியலில் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' இருக்கிறது. குறுந்தொகை 11இல் 'மொழிபெயர் தேஎத்தர்' இருக்கிறது. பெயர்தல் என்றால் நின்ற இடம் விட்டு நகர்தல். தரவுப் பொதி வெளியேறும்போது அனுப்புநர் முகவரி பெயர்ந்து இன்னொன்று அங்கே வந்து உட்காருகிறது. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஆகவே 'வழங்குநர் முகவரிப் பெயர்ப்பு'. 'வழங்குனர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், விகுதி -நர்.

த.வே. எழுதியது:
க.ந. ஐயா, 'வழங்குநர் முகவரி' என்றால் கம்பெனி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுதான் படிப்பார்கள். நடுவில் முகவரியை எடுத்துவிட்டு 'வழங்குநர்ப் பெயர்ப்பு' என்றால்?

இரா.கு. எழுதியது:
அங்கே ப் வராது. 'பொதுப்பெயர் உயர்திணைப் பெயர்கள்' என்று தொடங்கும் நன்னூல் நூற்பாவைப் பார்க்க: ரகர ஈற்று உயர்திணைப் பெயர் முன் வல்லினம் இயல்பு. 'வழங்குநர் பெயர்ப்பு' என்பதே சரி.

ம.ச. எழுதியது:
ஐயா, அதில் ஒரு வில்லங்கம். இதே சொல்தான் ஃபோன் செயலியின் பட்டியலிலும் வரும். இடம் போதாமல் அது 'வழங்குநர் பெயர்…' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. நிறுவனத்தின் பெயரைக் கேட்கிறது என்று நினைத்து ஆட்கள் தட்டுவார்கள்.

த.வே. எழுதியது:
அப்போது 'பொது முகவரிப் பெயர்ப்பு'? பலருக்கும் பொதுவாக ஒரே முகவரிதானே.

இரா.கு. எழுதியது:
கூடவே கூடாது. கையேட்டில் நேரடி வெளி முகவரியைத்தான் 'பொது முகவரி' என்கிறோம். வாடிக்கையாளருக்கு இல்லாததே அதுதான்! தமிழில் 'பொது' என்பது ஊரறிந்தது, பலருக்கும் உரியது என இரண்டுக்கும் வரும். இந்த ஒரு விஷயத்தில் அவை நேர் எதிர்.

செ. எழுதியது:
'ஒண்டுக்குடித்தன முகவரி' என்று வையுங்கள். ஒரே கதவிலக்கம், உள்ளே பல குடும்பம். வெளியிலிருந்து வருபவர் யாரைத் தேடுகிறார் என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. சிஜிநாட்டே அதுதான்.

ம.ச. எழுதியது:
சென்னைக்காரருக்கு விளங்கும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் புழக்கத்தில் இல்லை, அண்ணா. பேச்சில் நாங்கள் விலாசம் என்றுதான் சொல்வோம்.

க.ந. எழுதியது:
விலாசம் வடசொல்.

செ. எழுதியது:
முகவரியில் உள்ள முகம்?

(முகம் யாருடைய சொல் என்று இதன்பின் வந்த பதினோரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடர்க. – மட்டுறுத்துநர்)

த.வே. எழுதியது:
சொல்லுக்குத் திரும்புவோம். பொருத்துபவருக்குப் பொறிமுறையின் பெயர் தேவையில்லை. இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு சொல் போதும். 'பகிர்முகவரி'. வினைத்தொகை, ஒற்றுச் சண்டையும் இல்லை. 100.64.0.0/10 தொகுதியை (கையேட்டின் 100.64 முதல் 100.127 வரை) 2012இல் ஒதுக்கிய ஆர்எஃப்சி 6598 என்ற இணைய நெறி ஆவணமும் அதைப் பகிர்வு முகவரி வெளி என்ற பொருளில்தான் அழைக்கிறது. பழைய முகவரி முறையான ஐபிவி4இல், ஒரு முகவரிக்கு இணைப்புகளைப் பிரித்தறியும் போர்ட் எண்கள் 65,536. ஆளுக்கு ஆயிரம் கொடுத்தால் அறுபத்தைந்து இணைப்புகளோடு சரி. ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நிறுவனத்துக்கு வேறு வழி குறைவு.

ம.ச., அந்தப் பத்தி 'பார்க்க முடியாது' என்று முடிவதுதான் பெரிய குறை. புதிய முகவரி முறையான ஐபிவி6இல் இந்தப் பகிர்வே கிடையாது. ஸ்டார்லிங்க் /56 முன்னொட்டு, அதாவது ஒரு முகவரித் தொகுதி, தருகிறது. அதில் 256 /64 வலைகள் பிரிக்கலாம். செயலியில் பைபாஸ் போட்டு (ஸ்டார்லிங்க் ரவுட்டரை ஒதுக்கிவிட்டு), சொந்த ரவுட்டரில் டிஎச்சிபிவி6 (முகவரி கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியாக /56 கேட்கச் சொல்லுங்கள். ஃபயர்வாலில் கேமரா முகவரிக்கு அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். பிழைச் சேதிகளைக் கொண்டுவரும் ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாக அடைக்கக் கூடாது: ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர் பொதியைத் துண்டாக்காது, 'பெரிதாக இருக்கிறது' என்று சேதி மட்டும் அனுப்பும். சேதி வராவிட்டால் படம் பாதியில் தொங்கும். முன்னொட்டு மாறக்கூடும், அதனால் மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் அவசியம். பழைய டிவிஆர் (கேமராப் பதிவுக் கருவி) பலவற்றுக்கு ஐபிவி6 தெரியாது. பார்ப்பவரின் ஃபோன் இணைப்பிலும் அது இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று இல்லாவிட்டால், பொது ஐபிவி4 உள்ள வாடகை சர்வருக்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்புப் போடுவதுதான் வழி.

இரா.கு. எழுதியது:
பகிர்முகவரிக்கு என் வாக்கு. 'கேரியர் கிரேடு' விற்பனைப் பேச்சு. மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை.

செ. எழுதியது:
எனக்கும் சரி. தூக்கம் வருகிறது.

க.ந. எழுதியது:
எனக்கு உடன்பாடில்லை. இது விளைவைச் சொல்கிறது, வினையைச் சொல்லவில்லை. நாளை நாட்64 வரும். ஐபிவி6 மட்டுமே உள்ள கருவி பழைய ஐபிவி4 தளத்தைத் தொட அதுதான் பாலம். அங்கே பகிர்வதைவிட ஒரு முகவரி வகை இன்னொன்றாகப் பெயர்வதே முக்கியம். அதற்கு என்ன வைப்பீர்கள்?

ம.ச. எழுதியது:
நன்றி. இந்தப் பதிப்பில் பகிர்முகவரி போகிறது, முதல் இடத்தில் 'அதாவது சிஜிநாட்' என்று சேர்த்து. ஐபிவி6 படிகளையும் போட்டுவிட்டேன். நாட்64 கையேட்டில் இல்லை, ஐயா. ஆனால் 43ஆம் பக்கத்தில் 'டூயல் ஸ்டாக்' (ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒருசேர இயக்குவது) இருக்கிறது. 'இரட்டை அடுக்கு' என்று வைத்திருக்கிறேன்; லேயருக்கும் அடுக்கு என்றே முன்பு போட்டுவிட்டோமே, பரவாயில்லையா?