ஊஜியில் ஒரு மாலை: கியோகுரோ, வராபிமோச்சி, கொஞ்சம் சோபா

ஜப்பானில் கியோட்டோ பக்கத்தில் இருக்கும் தேயிலை ஊரான ஊஜிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) ஐஸ்கிரீம் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் கியோட்டோ திரும்பிவிடுகிறார்கள். எங்களை அதிலிருந்து காப்பாற்றியது ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்ற கூட்டம்தான்.

தோழி சென்னையிலிருந்து ஆபீஸ் வேலையாக ஒசாகா வந்திருந்தாள். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. டிகிரி காபி இல்லாமல் பொழுது விடியாது அவளுக்கு. அவளை ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனேன். கியோட்டோ நிலையத்தில் நாரா லைன் விரைவு ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ஊஜி. 1053-இல் கட்டிய பியோதோயின் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தோம். பத்து யென் நாணயத்தைக் குளக்கரையில் தூக்கிப் பிடித்து, அதில் இருக்கும் மண்டபத்தையும் எதிரே நிற்பதையும் ஒப்பிட்டு முடித்ததும், "சரி, டீ எங்கே?" என்றாள்.

கோயில் தெரு முழுக்கத் தேயிலைக் கடைகள். வறுத்த பச்சைத் தேயிலையான ஹோஜிச்சா வறுபடும் வாசனை தெருமுனை வரை வருகிறது. ஊஜி பாலத்தடியில் 1160 முதல் நடக்கும் ட்சூஎன் கடையை வெளியே நின்று பார்த்துவிட்டு, உள்தெருவில் நாலே மேசை போட்டிருந்த சின்னக் கடைக்குள் போனோம். மட்சா எங்கேயும் கிடைக்கும் என்று கியோகுரோ சொன்னேன்.

அறுவடைக்குச் சுமார் இருபது நாள் முன்பிருந்தே செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயில் படாமல் வளர்க்கும் தேயிலை இது. வெயில் குறைவதால் துவர்ப்பு ஏறாது, இலைக்குச் சுவை தரும் தியானைன் என்ற அமினோ அமிலம் அப்படியே தங்கும். கொதிநீர் ஊற்றினால் எல்லாம் பாழ். கடைக்கார அம்மா வெந்நீரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஆற்றினார். கைப்பிடி இல்லாத குட்டிக் குடுவையில் இலையைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் குடுவையைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்தார். அந்தக் கடைசிச் சொட்டில்தான் ருசியே என்றார். கிண்ணத்தில் இருந்தது இரண்டு வாய்க்குக் காணும்.

தோழி உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடி இது, கீரை வெந்த தண்ணி மாதிரி இருக்கு?" ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இனிப்பும் உப்பும் கலந்தாற்போல ஒரு சுவை நாக்கில் ரொம்ப நேரம் நிற்கும். இரண்டாவது முறை நீர் கொஞ்சம் சூடு, மூன்றாவது இன்னும் சூடு. மூன்றிலும் மூன்று குணம். கடைசியில் விரிந்த இலையையே சின்னத் தட்டில் எடுத்து, சிட்ரஸ் சாறு கலந்த சோயா சாஸ் இரண்டு சொட்டு விட்டுத் தின்னக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவளுக்குப் பிடித்ததில் முதலிடம் இந்த இலைக்குத்தான். ஒரு எச்சரிக்கை: கியோகுரோவில் காஃபீன் காபியைவிடக் கூடுதல். நடுராத்திரி தாண்டி "தூக்கம் வரல, உன்னாலதான்" என்று ஹோட்டலிலிருந்து மெசேஜ் அனுப்பினாள்.

இனிப்புக்கு வராபிமோச்சி. கிழங்கு மாவைக் கிளறி எடுத்த வழவழ துண்டுகள், மேலே வறுத்த சோயா மாவு, ஊற்றிக்கொள்ளக் கறுப்புச் சர்க்கரைப் பாகு. குச்சியால் குத்தினால் வழுக்கி ஓடும், வாயில் போட்டால் மெல்ல வேலையே இல்லை. பாலும் முட்டையும் சேராத பழைய ஜப்பானிய இனிப்புகள் நிறைய இருப்பதால் சைவக்காரர்களுக்கு இந்தப் பக்கம் பிரச்சினை குறைவு. ஜெல்லி வகையில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடல்பாசியில் செய்த கன்டென் என்றால் சரி, சில இடங்களில் ஜெலட்டின் போடுவார்கள்.

நூடுல்ஸில்தான் சிக்கல். ஊஜியில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் கடைகள் சாத்த ஆரம்பித்துவிடும் என்பதால் கியோட்டோ திரும்பி, பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடுல்ஸ் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். மெனுவில் மட்சா கலந்து பிசைந்த பச்சை நிற சா-சோபா. மூங்கில் தட்டில் குளிர்ந்த நூடுல்ஸ், பக்கத்தில் தொட்டுக்கொள்ளும் சாறு. பார்க்க முழுச் சைவம்தான். ஆனால் அந்தச் சாறே உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு இறக்கியது. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னாலும் பயனில்லை, அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது.

பேசாமல் அவளுக்குச் சாறுக்குப் பதில் உப்பு கேட்டேன். சமையற்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. நல்ல சோபாவை முதல் வாய் உப்பில் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் இங்கே உண்டு. கல்லுப்பும் வசாபியும் ஒரு தட்டில் வந்தன. அவள் முழுத் தட்டையும் அப்படியே சாப்பிட்டாள். சாறில் தோய்த்துச் சாப்பிட்ட எனக்குச் சோயாவும் மீனும்தான் முதலில் தெரிந்தன. அவள் தட்டிலிருந்து இரண்டு இழை உப்போடு தின்றபோதுதான் தேயிலையின் மெல்லிய கசப்பு பிடிபட்டது. என்னைக் கேட்டால் சா-சோபாவை உப்போடு சாப்பிடுங்கள், சைவமோ அசைவமோ.

கடைசியில் நூடுல்ஸ் வெந்த நீரைக் கெட்டிலில் கொண்டுவந்து வைத்தார்கள். மிச்சச் சாற்றில் கலந்து குடிப்பது வழக்கம். அவள் வெறும் நீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்துவிட்டு, இன்னொரு கெட்டில் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள். கிடைத்தது, அதற்குக் காசு வாங்கவில்லை.