அக்ரிலிக் ஒட்டும் குளோரோஃபார்ம்: சாயங்காலமானால் தலைவலி

மாடல்தம்பி:
கட்டட மாடல் செய்கிறேன். அக்ரிலிக் ஷீட் ஒட்ட எல்லோரையும் போலக் குளோரோஃபார்ம்தான். பத்துக்குப் பத்து அறை, ஏசி ஓடுவதால் சன்னல் சாத்தியே இருக்கும். ஒரு வாரமாகச் சாயங்காலமானால் தலை கனக்கிறது, குமட்டுகிறது. சினிமாவில் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் சாய்கிறார்களே, அதை நினைத்து அம்மாவுக்குப் பயம். வாசனை லேசாகத்தான் வருகிறது. அப்படியும் ஆபத்தா?

போர்டுக்கடை அண்ணன்:
தம்பி, 22 வருடமாக எழுத்து போர்டு ஒட்டுகிறேன், மயங்கி விழுந்ததில்லை. கைக்குட்டைக் கதை சினிமாவோடு சரி. நிமிடக்கணக்கில் விடாமல் முகர்ந்தால்தான் ஆள் மயங்குவான்.

ஆனால் அந்த இனிப்பு வாசனை சுமார் 85 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 85 பங்கு) வந்த பிறகுதான் மூக்குக்கே தெரியும். அமெரிக்காவில் வேலையிடத்துக்குச் சட்டம் வைத்த உச்ச வரம்பு 50. லேசாக வாசம் வந்தாலே வரம்பு தாண்டியாச்சு. ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனை மேசை உயரத்தில் வையுங்கள், ஆவி முகத்தைத் தாண்டாமல் வெளியே போகட்டும். துணி மாஸ்க் வீண். நீல நைட்ரைல் கையுறையையும் சீக்கிரம் ஊடுருவும். ஒட்டும்போது இதைச் செலுத்தும் பிளாஸ்டிக் சிரிஞ்சில் ரப்பர் உப்பிச் சிக்கிக்கொள்ளும், கண்ணாடி சிரிஞ்சு வாங்குங்கள்.

எனக்குப் பயம் நெருப்பிடம்தான். குளோரோஃபார்ம் லேசில் தீப்பிடிக்காது, அதனால் நமக்கு அலட்சியம். சுடரில் பட்டால் அதே ஆவி பாஸ்ஜீனாகும், முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற வாயு. ஒருநாள் பையன் ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் அக்ரிலிக் ஓரம் பளபளக்க கேஸ் டார்ச் சுடரைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் தொண்டை எரிந்து இருமல். அன்றிலிருந்து டார்ச்சுக்குத் தனி அறை.

வேதியியல் வாத்தியார்:
அம்மாவின் பயம் வீணில்லை. 1847இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் இதை மயக்கமருந்தாக்கினார். 1848 ஜனவரியிலேயே, கால்விரல் நகம் எடுக்க இதை முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் சில நிமிடங்களில் இறந்துபோனாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முகர்ந்தால் அடிபடுவது கல்லீரலும் சிறுநீரகமும். மது சேர்ந்தால் இன்னும் மோசம். தலைவலி நிற்காவிட்டால் டாக்டரிடம் போய், என்ன முகர்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், பாட்டில் எது?

மாடல்தம்பி:
ஊறுகாய் பாட்டில், வெள்ளைக் கண்ணாடி. சன்னலோரம் இரண்டு வருடமாகப் பாதி கிடக்கிறது. கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கவா?

வேதியியல் வாத்தியார்:
ஐயோ, திறக்கவே வேண்டாம்! வெளிச்சமும் காற்றும் பட்டாலே உள்ளே பாஸ்ஜீன் உண்டாகும். அதைத் தடுக்கத்தான் பழுப்பு பாட்டிலில், கொஞ்சம் எத்தனால் கலந்து விற்கிறார்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள். அசிட்டோனோடு சேர்க்கவும் வேண்டாம், காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் (ஆல்கலி) துளி பட்டால் வெடிக்கும். பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் கழிவாக எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

மாடல்தம்பி:
கேட்டுவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். லேபிள் எழுதி ஒட்டியாயிற்று. சன்னலும் திறந்தாயிற்று. அது அம்மா ஒரு மாதமாகத் தேடும் பாட்டில் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.