பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் இழுவை கூடுமா? ஃபில்டர், சைலன்சர் மாற்றியவர்களின் அனுபவம்

2012 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். கோயம்புத்தூரில் ஒரு கடையில் எண்ணெய் தடவிய கோன் வடிவ ஏர் ஃபில்டரும் பின்பக்க சைலன்சர் செட்டும் மாட்டினேன். வேலை முடிந்ததும் கடைப் பையன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். "ஈசியூ ரீசெட் ஆகட்டும்ணா, அப்புறம் பாருங்க இழுவைய" என்றான். ஈசியூ என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்.

இழுவை கூடத்தான் செய்தது. ஆனால் அது ஃபில்டர் தந்த சக்தி என்று நான் நம்பவில்லை. பெட்ரோலை எவ்வளவு கூட்டுவது, நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்து என்ஜின் தட்டுவது) வந்தால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, எவ்வளவு பின்னுக்கு இழுப்பது என்று ஓட்ட ஓட்டக் கற்றுக்கொண்டதை ஈசியூ சேமித்து வைத்திருக்கும். இந்த மாதிரி வண்டியில் பேட்டரி போனால் அது அழிந்து, கம்பெனி எழுதிய அடிப்படைக் கணக்குக்குத் திரும்பும். டைமிங் முன்னே வருவதால் கொஞ்ச நாள் துள்ளும். மறுபடி நாக்கிங் கேட்டால் பழையபடி இழுத்துக்கொள்ளும். எதையும் மாற்றாமல் டெர்மினலை மட்டும் கழற்றினாலும் இந்தத் துள்ளல் கிடைக்கலாம்.

கூடவே ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்க ஆரம்பித்தது. என்ஜினுக்குள் காற்றை விடும் எலக்ட்ரானிக் த்ராட்டில் மூடியிருக்கும் நிலையையும் ஈசியூ புதிதாகக் கற்க வேண்டும். ஹோண்டாவில் இதற்கென்று ஒரு முறை உண்டு. ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, நியூட்ரலில் 3000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் 5 நிமிடம் விட வேண்டும். கடையில் யாரும் செய்யவில்லை, வீட்டு வாசலில் நானே செய்தேன். ஐடிலிங் ஓரளவு அடங்கியது.

அப்புறம் செக் என்ஜின் விளக்கு வந்தது. போன் போட்டால், "இன்னொரு தடவை டெர்மினலைக் கழற்றி மாட்டுங்க சார், போயிடும்" என்கிறார் கடைக்காரர். விளக்கு போகும், சரி. கோளாறு எங்கே போகும்? கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈடு கட்ட ஈசியூ கூட்டும் பெட்ரோலின் அளவு) ஐடிலில் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றது, 3000 ஆர்பிஎம்மில் 8க்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் துப்பு. ஃபில்டர் எண்ணெய், உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சரில் படிந்திருந்தால் பொதுவாக வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறும். சென்சரை ஏமாற்றிக் காற்று உள்ளே போனால் ஐடிலில்தான் அதிகம் காட்டும். தேடினால், மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) போகும் சின்ன வாக்குவம் ஹோஸ் ஒன்று பாதிதான் செருகியிருந்தது. ஃபில்டர் மாட்டும்போது இடித்து விட்டிருக்கிறார்கள்.

அதை அழுத்திச் செருகியதும் ட்ரிம் படிப்படியாக 5, 6க்கு வந்து நின்றது. மீதிக்கு ஃபில்டரைத் திட்டத் தேவையில்லை. இப்போது பங்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு சுத்த பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று என்றால் இதற்குச் சுமார் 13.5 போதும். பழைய வண்டியின் ஈசியூ கொஞ்சம் கூடுதலாக ஊற்றித்தான் ஈடு கட்டும்.

கோன் ஃபில்டரைப் பிறகு கழற்றிவிட்டேன். சிக்னலில் நின்றால் பானெட்டுக்குள்ளிருந்து சூடான காற்றைத்தான் இழுக்கிறது, ஸ்கேனரில் இன்டேக் வெப்பநிலை 60 டிகிரி. சைலன்சர் மட்டும் இருக்கிறது. சத்தத்துக்காகத்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

* * *

மேலே எழுதிய அண்ணன் சொன்னது டர்போ வண்டிக்கு அப்படியே பொருந்தாது. என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், கம்பெனி கணக்கில் 105 பிஎஸ் குதிரைச் சக்தி, 175 என்எம் டார்க் (சுழற்றும் விசை). ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதுவது, போட்டிருக்கிறேன். இதில் உண்மையாகவே வித்தியாசம் தெரியும், ஏனென்றால் பூஸ்ட்டையே (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) மாற்றி எழுதுகிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் ரீமேப் அழிந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். அழியாது, அது கரன்ட் போனாலும் அழியாத ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது. ஆனால் சர்வீஸில் ஈசியூவுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் மேலே எழுதிவிட வாய்ப்புண்டு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாரன்டி பாக்கி இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கியர்பாக்ஸையும் யோசிக்க வேண்டும். இதிலுள்ள 7 கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் 250 என்எம் வரைதான் தாங்கும்படி செய்தது. ரீமேப் போடும் ட்யூனரிடம் குதிரைச் சக்தியைக் கேட்பதற்கு முன்னால் டார்க் எங்கே போய் நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.